மூன்றாவது பொத்தான்

டேப்லெட் எங்கள் தீவுக்கு வந்த அன்று ஒரு பன்றியின் ஆயுள் முடிந்தது. சுகாதார அலுவலகத்திலிருந்து வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பினால் ஊருக்குத்தான் கேவலம் என்று ஊர்த் தலைவர் தன் கொழுத்த பன்றியையே கொடுத்துவிட்டார். மண் அடுப்பில் கிழங்கும், சேப்பிலையில் சுற்றிய பன்றி இறைச்சியும் வெந்துகொண்டிருக்க, பாதிரியார் அந்தக் கறுப்புப் பலகையின் மேல் கை வைத்து நீளமாக ஜெபம் செய்தார். என் படகு எஞ்சினுக்கு யாரும் அப்படி ஜெபம் செய்ததில்லை. உண்மையில் அதற்குத்தான் தேவை அதிகம்.

என் பெயர் ஃபொலாவு. சுகாதார நிலையத்தின் படகோட்டி. நிலையத்தின் ஒரே நர்ஸ் தெலேசியா என் மனைவி. முடியாதவர்களைப் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, மருந்துப் பெட்டிகளை ஏற்றி வருவது, நடுவில் நிலையத்துக் கூரைக்கு ஆணி அடிப்பது, எல்லாம் என் வேலை. கடல் சொன்னபடி கேட்டால் பெரிய தீவுக்கு அரை நாள். கேட்காவிட்டால் வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். தெலேசியா இந்தத் தீவிலேயே பிறந்தவள். நான் வடக்குத் தீவுக்காரன், பெண்டாட்டி ஊருக்கு வந்து உட்கார்ந்தவன். அதை இந்த ஊர் எனக்கு ஒருநாளும் மறக்க விட்டதில்லை.

டேப்லெட்டின் வேலை கேள்வி கேட்பது. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, சர்க்கரை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இரண்டு பொத்தான்: ஆம், இல்லை. ஒன்றை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். கடைசியில் ஒரு நிறம் காட்டும். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் என்றால் மாத்திரை வாங்கிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து வரலாம். சிவப்பு என்றால் தானாகவே பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் போகும், என் படகுக்குப் பெட்ரோல் எடுக்க அனுமதியும் வரும்.

பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி லாத்து, தலைநகரத்துக்காரர், நல்ல மனிதர்தான். "டாக்டர் இல்லாத தீவுல இனி இதுதான் டாக்டர்" என்றார். அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். போன வருடம் ஒரு கர்ப்பிணிப் பெண் தலைவலி என்று வந்தபோது இந்தப் பலகை சிவப்பு காட்டியது. தெலேசியா கூட அது சாதாரணத் தலைவலி என்றுதான் நினைத்திருந்தாள். அன்று நாங்கள் படகு எடுக்காமல் இருந்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது என் வலையைப் பிடித்து இழுத்துக் கிழிக்கிறது.

பலகை வருவதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் டாக்டர் கெபுதான். பெரிய தீவில் இருப்பவர். ஒரு ஆணுக்குக் காய்ச்சல் என்று தெலேசியா போன் செய்தால், எவ்வளவு காய்ச்சல் என்று கேட்பதற்கு முன்னால் அவர் ஒன்று கேட்பார்.

"அவன் உனக்கு யாரு?"

"தம்பி முறை, டாக்டர்."

"சரி. ஃபொலாவுகிட்ட போனைக் குடு. நீ வெளிய போ."

எங்கள் நாட்டில் அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச மாட்டார்கள். அவன் படுக்கும் அறைக்குள் அவள் காலெடுத்து வைக்க மாட்டாள். உடம்பின் கீழ்ப் பாதியைப் பற்றிய பேச்சு அவர்கள் இருவர் காதிலும் சேர்ந்து விழக்கூடாது. யாராவது மூன்றாம் ஆள் வாய் தவறிப் பேசினாலும் ஒருவர் எழுந்து போய்விடுவார். இது பயம் கிடையாது. அவனுக்கு அவள்மேல் இருக்கும் மரியாதை அது, அவளுக்கும் அப்படித்தான். சித்தப்பா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, எல்லாரும் அண்ணன் தம்பிதான். ஆக, இந்தத் தீவின் ஆண்களில் பாதிப் பேர் தெலேசியாவுக்குச் சகோதரர்கள்.

அப்படிப்பட்டவர்கள் வந்தால் நான் நிலையத்துக்குப் பின்னால் பலா மரத்தடிக்கு அழைத்துப்போவேன். டாக்டர் போனில் கேட்பதை நான் கேட்பேன், அவர்கள் சொல்வதைப் போனில் சொல்வேன். பாதிரியார் கூடக் கேட்டிராத விஷயங்களை அந்த மரத்தடியில் நான் கேட்டிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. கவா வேர்ச்சாறு குடித்து மயங்கிக் கிடந்தபோதும் சொன்னதில்லை.

டேப்லெட் வந்த பிறகு மரத்தடிப் போன் முடிந்தது; உடம்பின் கீழ்ப் பாதியைப் பற்றிய கேள்வி வந்தால் மட்டும் பலகையை அங்கே வாங்கிப் போய் நானே கேட்டு அழுத்துவேன். சிவப்பு வந்தால் மட்டும்தான் டாக்டரோடு பேச முடியும். டாக்டர் கெபு ஒரே மனிதர், எத்தனை தீவுக்குத்தான் பதில் சொல்வார். அவருக்கும் வயதாகிவிட்டது. பலகை வந்ததில் அவருக்கு நிம்மதி என்றுதான் கேள்விப்பட்டேன்.

"இப்படி ஒரு சங்கடம் இருக்குன்னு பயிற்சியில சொல்ல வேண்டியதுதானே" என்று தெலேசியாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? தெற்குத் தீவு ஆண் நர்ஸ் பக்கத்து பெஞ்சுல உக்காந்திருந்தார். எனக்கு அண்ணன் முறை."

"லாத்து சொல்லலாமே?"

"அந்தக் கேள்வி வந்தப்போ லாத்துவே சடக்குன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டார். ஆணும் பொண்ணும் சேர்ந்து உக்காந்திருந்தோம். அவர் முகம் செவந்து போச்சு. எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம்."

அன்று இரண்டு பேரும் சிரித்தோம்.

என் மச்சான் மனாசே, தெலேசியாவின் கூடப் பிறந்த தம்பி. கிழங்குத் தோட்டக்காரன். கோயில் பாட்டுக் குழுவில் அவன் ஒருத்தன் வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயசைத்தால் போதும். அவன் மனைவி சலோமே ஆஸ்திரேலியாவில் தக்காளித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் பெரிய தீவில் பள்ளி விடுதியில். மனாசேக்குச் சர்க்கரை வியாதி பல வருடமாக உண்டு. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவான். "உன் படகை நம்பறதுக்கு சர்க்கரையை நம்பலாம் மச்சான்" என்பான் என்னிடம். எனக்கு இந்த ஊரில் அவன் ஒருத்தன்தான் நண்பன் என்று சொல்லிக்கொள்ள இருந்தான்.

அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் ஊரில் இல்லை. கோயில் காணிக்கை விழாவுக்கு ஊர்க்காரர்களைத் தெற்குத் தீவுக்குக் கொண்டுபோயிருந்தேன். காற்று மாறிவிட்டது, திரும்ப முடியாமல் அங்கேயே கிடந்தேன். நடந்ததைத் தெலேசியாவும், மனாசேக்குப் பக்கத்து வீட்டுக்காரனான ஹாவேயாவும் பிறகு சொன்னார்கள். ஹாவேயா அவர்களுக்குச் சித்தப்பா மகன்.

காலையில் மனாசே நிலையத்துக்கு வந்திருக்கிறான். தாழ்வாரத்தின் ஒரு கோடியில் அவன், கதவருகே டேப்லெட்டோடு அவள். அப்படித்தான் எப்போதும்.

"உக்காரு, தம்பி."

"இல்லக்கா. நின்னாதான் காத்து வருது."

"எப்போலேருந்து காய்ச்சல்?"

"முந்தாநேத்து. தோட்டத்துல நனைஞ்சுட்டேன். ஒண்ணுமில்லக்கா, நீங்க மாத்திரை குடுத்தா போயிருவேன்."

அவள் சர்க்கரை பார்த்தாள். அதிகம் இருந்தது. காலில் புண் இருக்கிறதா என்று பாதத்தைப் பார்த்தாள். பாதத்தைப் பார்க்கலாம், அதில் தப்பில்லை. பாதம் சுத்தமாக இருந்தது. பலகை ஒவ்வொன்றாகக் கேட்டது, அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். பிறகு அந்தப் பக்கம் வந்தது. சர்க்கரை அதிகமுள்ள ஆணுக்குக் காய்ச்சல் என்றால் தவறாமல் வரும் பக்கம். தொடைகளுக்கு நடுவில் வலி, வீக்கம், புண், நாற்றம் உண்டா. ஆம். இல்லை.

அவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதாக்கா?"

"இரு. கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது."

நான் ஊரில் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பாள். ஹாவேயாவைக் கூப்பிடலாம் என்றால் அவனும் அவளுக்குத் தம்பி. கேட்காமல் விட்டுவிடலாம் என்றால் பலகை நகராது. பலகை நகராவிட்டால் மருந்து அலமாரிக்குக் கணக்குப் போகாது, மாத்திரை கொடுக்க முடியாது. அவள் இல்லை என்று அழுத்தினாள். மஞ்சள் வந்தது. சளிக்காய்ச்சலாக இருக்கலாம், தண்ணீர் நிறையக் குடிக்கவும், இரண்டு நாளில் மீண்டும் பார்க்கவும்.

"மஞ்சள்தான், தம்பி."

"பார்த்தீங்களா, நான் சொல்லலே?" என்று சந்தோஷமாக மாத்திரையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

காற்று அடங்கி நான் கரைக்கு வந்தபோது தெலேசியா படகுத்துறையில் நின்றிருந்தாள். அவள் என்னை வரவேற்கத் துறைக்கு வரும் வழக்கமே இல்லை. கல்யாணமான புதிதில் கூட வந்ததில்லை.

"மனாசே வீட்டுக்குப் போங்க. கூப்பிட்டா பதில் சரியா வரலே. ஹாவேயா கஞ்சி கொண்டுபோனான், கதவைத் திறக்கலேன்னு சொல்றான். நான் வாசல்ல நின்னு கேட்டா 'நல்லாயிருக்கேன்'னு மட்டும் சொல்றான்."

"நீ உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதுதானே" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவள் போக மாட்டாள் என்று எனக்குத் தெரியும், கேட்டால் அழுவாள் என்றும் தெரியும்.

கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. வெயிலில் விட்டுவிட்ட மீன் கூடை மாதிரி. மனாசே பாயில் கால்களை அகட்டிப் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

"வந்துட்டியா. உன் எஞ்சின் வழியில செத்திருக்கும்னு நினைச்சேன்."

"எங்கடா வலி?"

"எங்கேயும் இல்லே."

"மச்சான், நான் அக்கா இல்லே. எங்க வலி?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் துணியை விலக்கிப் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். கறுத்துப் போயிருந்தது, அதோடு விடுகிறேன்.

"எப்போலேருந்துடா இது?"

"ஒரு சின்னக் கொப்புளம்தான் மச்சான். தானா ஆறிடும்னு பார்த்தேன்." பிறகு என் கையைப் பிடித்தான். அவன் கை கொதித்தது. "அக்காகிட்ட சொல்லாதே."

வெளியே வந்தேன். தெலேசியா வேலிக்கு அந்தப் பக்கம் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் எப்படிச் சொல்வது? புருஷன் கூடப் பெண்டாட்டியிடம் அவள் தம்பியின் அந்த இடத்தைப் பேசக்கூடாது.

"எங்க?" என்றாள்.

"நீ கேட்காத இடத்துல."

அவள் பலகையைத் திறந்தாள். அந்தப் பக்கத்துக்குப் போய் ஆம் என்று அழுத்தினாள். உடனே சிவப்பு. அடுத்த மூச்சில் டாக்டருக்குப் போன் போனது, பெட்ரோலுக்கு அனுமதி வந்தது, என்ன ஊசி போட வேண்டும் என்று வரிசையாக வந்தது. எல்லாம் எவ்வளவு சுருக்காக நடந்தது என்று பார்த்தபோது எனக்கு அந்தப் பலகையைக் கடலில் வீச வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

ஹாவேயாவும் நானும் மனாசேயைப் பாயோடு தூக்கிப் படகில் வைத்தோம். தெலேசியா அவன் கையில் ஊசி ஏற்றி, மருந்துப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வழி முழுக்க முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். அலை தூக்கிப் போட்டபோதெல்லாம் அவன் முனகினான். அவளுக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். நான் பார்த்தேன். எஞ்சின் அன்று ஒரு தடவை கூட நிற்கவில்லை, அதுவும் தெரிந்தே ஓடியது போல.

அறுவை சிகிச்சை அறையிலிருந்து டாக்டர் கெபு வெளியே வந்தபோது அவர் சட்டையெல்லாம் வியர்வை. அறுத்துக்கொண்டிருக்கும்போதே மனாசேயின் நாடி நின்றுவிட்டது என்றார். ரத்தத்தில் எல்லாம் பரவியிருந்தது என்றார். பிறகு டேப்லெட்டை வாங்கி முதல் நாள் பதில்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இதுக்கு ஏன் இல்லைன்னு போட்டே? அன்னிக்கே எனக்குப் போன் வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். தெலேசியாவை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் உனக்கு யாரு?"

"கூடப் பொறந்த தம்பி, டாக்டர்."

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பலகையைத் திருப்பிக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாவு வீட்டில் எங்கள் வழக்கப்படி உடலின் தலைமாட்டில் உட்காரும் உரிமை உயர்ந்த உறவான அத்தைக்கு, அத்தை இல்லாவிட்டால் அக்காவுக்குத்தான். அப்பா வழி அத்தைகள் யாரும் உயிரோடு இல்லாததால் அந்த இடம் தெலேசியாவுக்கு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் முதலில் அவளைத்தான் வணங்கினார்கள். பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் அவள் முன்னால் மலையாகக் குவிந்தன. அவள் அவன் முடியைக் கோதிவிட்டாள், நெற்றியில் எண்ணெய் தடவினாள். அவன் நடமாடிய காலத்தில் தாழ்வாரத்தின் மறுகோடியில் நின்றே அவனோடு பேசியவள். நான் வெளியே மண் அடுப்பில் கிழங்கு அடுக்கிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்க முடியவில்லை.

சலோமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்தாள். அடுப்புப் பக்கம் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தினம் வீடியோல பேசினேன். தொடையில ஒரு கொப்புளம்னு சொன்னார். அக்காகிட்ட போனேன், மஞ்சள் வந்துதுன்னு சொன்னார். பலகையே பார்த்துச் சொல்லிருச்சே, அப்புறம் எனக்கு என்ன பயம்னு இருந்துட்டேன்."

"ஆமாம்மா" என்றேன்.

நான் வாய் திறக்கவில்லை. ஆனாலும் எந்த இடத்தில் வந்தது என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. தூக்கிப்போனவர்களுக்கு மூக்கு இல்லையா, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தீவில் உறவு இல்லையா. ஆண்கள் கூடி உட்கார்ந்து குடிக்கும் கவா வட்டத்தில் முதலில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். மனாசே இதை எவளிடம் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தான் என்று இன்னொருவன் கேட்டான். சர்க்கரை வியாதியால் வருவது என்று நான் கத்தினேன். அன்றிலிருந்து நான் அந்த வட்டத்துக்குப் போவதில்லை. தேவாலயத்தில் மனாசே நின்று பாடிய இடத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் கூடக் கிசுகிசுத்தார்கள்.

சில வாரம் கழித்து லாத்து வந்தார். இந்தத் தடவை பன்றி இல்லை. நிலையத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"பலகை மேல தப்பு இல்லைம்மா. குடுத்த பதிலுக்குச் சரியாத்தான் மஞ்சள் காட்டியிருக்கு. அப்படித்தான் எழுதணும் நான்."

"எழுதுங்க" என்றாள் தெலேசியா. "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அந்தக் கேள்விக்குக் கீழே மூணாவதா ஒரு பொத்தான். கேட்கலைன்னு. அதை அழுத்தினா டாக்டருக்குப் போன் போகணும். அவ்வளவுதான்."

லாத்து அவளைப் பார்த்தார். அவருக்கும் அக்கா தங்கைகள் உண்டு. "கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். சத்தியமாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும்.

கேட்டும் பார்த்தார். பதில் வர மழைக்காலம் ஆகிவிட்டது. இந்தப் பலகையின் மூளை வெளிநாட்டில் செய்யப்பட்டதாம், எல்லாத் தீவுக்கும் ஒன்றேதானாம். ஆம், இல்லை என்ற பதில்களை வைத்துத்தான் அது கற்றுக்கொள்கிறதாம். கேட்கவில்லை என்பதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லையாம். நர்ஸ்கள் எல்லாக் கேள்வியையும் தவறாமல் கேட்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி. மனாசேயின் மஞ்சளிலிருந்து அது என்ன கற்றுக்கொண்டது என்று லாத்துவிடம் போனில் கேட்டேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

தெலேசியா அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சாவுக்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு கிழங்கை எடுத்துத் தட்டில் உருட்டிக்கொண்டே இருப்பாள்.

"கேட்கச் சொல்றாங்க" என்றாள் ஒருநாள். "கேட்டிருந்தா அவன் பொழைச்சிருப்பான். எனக்கு வாய் வரலே. என் வெக்கம் அவனைக் கொன்னுருச்சு."

"வெக்கம் இல்லே அது."

"என்னவோ. இனிமே கேட்பேன். யாரா இருந்தாலும் கேட்பேன்."

"ஏன், மரத்தடிக்கு அனுப்பேன். நான் கேட்கிறேன்."

"மரத்தடிக்கு யார் வர்றா இப்போ?"

அது உண்மை. மனாசேக்குப் பிறகு ஒரு ஆண் கூட என்னோடு மரத்தடிக்கு வரவில்லை. அந்தப் பக்கம் நான் நடந்தாலே, யாருக்கோ அங்கே ஏதோ என்று ஊர் பேசும்.

போன வெள்ளிக்கிழமை ஹாவேயா வந்தான். காய்ச்சல். அவனுக்கும் சர்க்கரை உண்டு, இந்தத் தீவில் யாருக்குத்தான் இல்லை. நான் வாசலில் கயிறு முடிந்துகொண்டிருந்தேன். அவன் தாழ்வாரத்துக் கோடியில் நின்றான். தெலேசியா கதவருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு கேள்விகள் நின்றன. நிமிர்ந்து பார்த்தேன். அவள் திரும்பி, மருந்து அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டாள். அலமாரியிடம் கேட்பது போல அந்தக் கேள்வியை அவள் கேட்டாள். சொல் பிசகாமல், பலகையில் இருந்தபடியே கேட்டாள்.

என் கையிலிருந்த கயிறு நழுவியது. என் மனைவி தன் தம்பியிடம் அந்த வார்த்தைகளைச் சொல்லி என் காதால் கேட்டேன். ஹாவேயாவின் கழுத்து வரை ரத்தம் ஏறியது. தரையைப் பார்த்தான்.

"இல்லக்கா" என்றான், அவள் கேட்டு முடிப்பதற்குள்.

"நிச்சயமா?"

"இல்லக்கா. ஒண்ணுமில்லே."

அவள் அழுத்தினாள். மஞ்சள். மாத்திரையை அவன் கையில் கொடுக்காமல் திண்டில் வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். ஒவ்வொரு படிக்கும் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில், கால்களை அகட்டி வைத்து இறங்கினான். தாழ்வாரத்தில் பெஞ்ச் காலியாக இருந்தும் அவன் இவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பின்னால் ஓடினேன்.

"மச்சான், நில்லு. என்கிட்ட சொல்லு."

"என்னத்தை?"

"உனக்கு அங்க ஏதோ இருக்கு. நடக்கிறதைப் பார்த்தாலே தெரியுதே. படகு எடுக்கிறேன், வா."

"அக்கா கேட்டாங்க. இல்லைன்னு சொல்லியாச்சு."

"அது பொய்யின்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவன் நின்றான். கண்ணில் தண்ணீர் நின்றது, காய்ச்சலோ என்னவோ. "அக்கா கேட்கிறாங்க, நான் ஆமான்னு சொல்லவா? அதைச் சொல்லிட்டு அப்புறம் எப்படி அவங்க முகத்துல முழிக்கிறது?" பிறகு குரலை இறக்கினான். "மனாசேயை நான்தானே தூக்கினேன். அப்புறம் கவா வட்டத்துல என்ன பேசினாங்கன்னும் நான்தானே உக்காந்து கேட்டேன். என்னை விட்டுரு மச்சான்."

போய்விட்டான். இழுத்துக்கொண்டா வர முடியும்? என்னைவிட ஒரு மடங்கு பெரிய உடம்பு.

திரும்பி வந்தபோது தெலேசியா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மனாசே போனதிலிருந்து அவள் முகத்தை நான் இப்படித் தெளிவாகப் பார்த்ததில்லை.

"கேட்டுட்டேன்" என்றாள். "பார்த்தீங்கல்ல. உயிரு போற மாதிரி இருந்துது, ஆனா கேட்டுட்டேன். இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் அழுத்தினேன்."

எனக்கு அந்த முகத்தை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று இருந்தது. ஹாவேயாவின் நடை கண்ணை விட்டுப் போகவில்லை.

"அவன் பொய் சொல்லிட்டான், தெலேசியா. அவனுக்கும் இருக்கு."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கடற்கரைப் பாதையில் அவன் கால்களை அகட்டி அகட்டி நடந்துபோவது தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ மனாசேயும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பான்" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பலகையைத் திறந்து, அந்தப் பக்கத்துக்குப் போய், ஆம் என்று மாற்றி அழுத்தினாள். சிவப்பு வந்தது. டாக்டருக்குப் போன் போனது. பெட்ரோலுக்கு அனுமதி வந்தது.

படகில் பெட்ரோல் ஊற்றி, பாய் விரித்து, துறையில் காத்திருந்தேன். டாக்டர் கெபு போனில் ஹாவேயாவோடு பேச வேண்டும் என்றார். தெலேசியா அவன் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். நான் போய்க் கதவைத் தட்டினேன், பாதிரியாரையும் அழைத்துப்போனேன். உள்ளேயிருந்து நல்லாயிருக்கேன் என்று பதில் வந்தது. எஞ்சினை ஓட விட்டபடி மறுபடியும் படகில் வந்து உட்கார்ந்தேன். அவன் வரவில்லை.